பிடித்த கோப்பை விடாத ஸ்கிரிப்ட்

மூன்று வாரமாகக் காலை ஆறரை மணிக்கு என் போன் அடிக்கவில்லை. இதை எழுதலாம் என்ற தைரியம் அதனால்தான் வந்தது.

செங்கோட்டையில் வீட்டிலிருந்தபடி மெயின்ஃப்ரேம் என்ற பெருங்கணினியில் வேலை பார்க்கிறேன். மெஷின் இருப்பது அமெரிக்கக் கிழக்குக் கரையில். என் ஷிப்ட் மதியம் ஒரு மணியிலிருந்து இரவு பத்து வரை. ஷிப்ட் முடியும் முன் தினமும் ரெக்ஸ் என்ற மொழியில் எழுதிய ஒரு ஸ்கிரிப்டை ஓட்ட வேண்டும். அது ஒரு கட்டுப்பாட்டுக் கோப்பை எடுத்து, அன்றைய தேதியுள்ள வரியைத் தேடும். அதிலுள்ள தொகையைக் கிளைக் கோப்புகளின் கூட்டுத்தொகையோடு ஒப்பிட்டுத் திரையில் காட்டி, சரிதானா என்று என்னைக் கேட்கும். நான் ஆம் என்று அடித்தால் அந்த வரியில் ஒரு குறி போடும். அவ்வளவுதான். பழைய ஸ்கிரிப்ட் ஒன்றைப் பார்த்து ஒரே மதியத்தில் எழுதியது. மொத்தம் 38 வரி.

ரெக்ஸ் பக்கம் வராதவர்களுக்கு இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். மெயின்ஃப்ரேமில் நாம் கட்டளை அடிக்கும் சூழலுக்கு டிஎஸ்ஓ என்று பெயர். அதில் ஒரு டேட்டாசெட்டை, அதாவது கோப்பை, எடுக்க அலாக் என்று ஒரு கட்டளை உண்டு. எடுக்கும்போது அதற்கு எட்டு எழுத்துக்குள் ஒரு சுருக்கப் பெயர் வைக்கிறோம், அதுதான் டிடி பெயர். வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்க ஃப்ரீ என்ற கட்டளை. நான் டிடி பெயர்களை ஆங்கில எழுத்தில் தமிழ் வார்த்தைகளாகவே வைப்பேன். கட்டுப்பாட்டுக் கோப்புக்கு 'கணக்கு', கிளைக் கோப்புக்கு 'கிளை', குறிப்புகள் எழுதும் கோப்புக்கு 'செய்தி'. வேறு யாருடைய பெயரோடும் மோதாது.

ஜூலை முதல் வாரம். ஆனிக் காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாக இறங்கி வீட்டு ஓடுகளையெல்லாம் தடதடவென்று ஆட்டிக்கொண்டிருந்த ராத்திரி. 9.50-க்குக் கரண்ட் போனது. பக்கத்து வீட்டு அண்ணாச்சி டார்ச்சோடு வெளியே வந்து, "புளியரைப் பக்கம் லைன்ல மரம் சாஞ்சு கெடக்காம், இனி விடிஞ்சாத்தான்" என்றார். ஸ்கிரிப்டை ஏற்கெனவே ஓட்டி முடித்திருந்தேன். லேப்டாப்பை மூடிவிட்டுப் படுத்துவிட்டேன்.

காலை 6.40-க்கு ஆபரேஷன்ஸிலிருந்து போன். நைட் ஷிப்டில் இருந்தது நாகர்கோவில் பக்கத்துத் தம்பி, திருவனந்தபுரத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவன்.

"அண்ணே, உங்க ஐடிதான் கோப்பப் புடிச்சிட்டு நிக்கு. ஜாப் பத்து நிமிஷமா வெயிட்டிங்."

"நான் ராத்திரியே முடிச்சிட்டேனே தம்பி."

"நீங்க முடிச்சிருப்பீங்க. செஷன் உயிரோடதான் கெடக்கு. கேன்சல் பண்ணட்டா?"

பண்ணச் சொன்னேன். அங்கே இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கும் பேட்ச், அதாவது வரிசையாகத் தானே ஓடும் ஜாப்புகள், நமக்குக் காலை 6.30. அதன் முதல் ஜாப்புக்கு அந்தக் கட்டுப்பாட்டுக் கோப்பு தனியாக, வேறு யார் கையிலும் இல்லாமல் வேண்டும். என் செஷன் அதை ஒன்பது மணி நேரமாக வைத்திருந்தது. மொத்தத் தாமதம் 22 நிமிடம். அந்தக் கோப்பை நம்பிப் பின்னால் வரிசையில் நிற்கிற ஜாப்புகளை நினைத்தால் 22 நிமிடம் சின்ன விஷயமில்லை. எனக்கு அன்று முழுக்க மனசே சரியில்லை.

முதலில் கரண்டைத்தான் குற்றவாளியாக்கினேன். ரவுட்டர் அணைந்ததால் இணைப்பு பாதியில் அறுந்தது, அந்தப் பக்கத்துக்கு அறுந்தது தெரியவில்லை. எங்கள் லாக்ஆன் ப்ரொசீஜரில் நேர வரம்பும் கிடையாது. ஆகவே செஷன் அப்படியே நின்றது என்று கணக்குப் போட்டேன். இதில் ஒவ்வொன்றும் உண்மைதான். தென்காசிக்குப் போய் ரவுட்டருக்கு ஒரு மினி யுபிஎஸ் வாங்கி வந்தேன், 1,650 ரூபாய். கரண்ட் போனாலும் மூன்று மணி நேரம் ரவுட்டர் நிற்கும்.

நான்கு நாள் கழித்து மறுபடி அதே 6.40, அதே குரல். முந்தின ராத்திரி கரண்ட் ஒரு நொடிகூடப் போகவில்லை. சாப்பிடப் போனவன் லாக்ஆஃப் செய்ய மறந்துவிட்டேன், அவ்வளவுதான். அப்போதுதான் உறைத்தது: செஷன் இருந்தால் என்ன, ஸ்கிரிப்ட் முடிந்ததும் கோப்பு விடுபட்டிருக்க வேண்டுமே? கடைசி வரியில் ஃப்ரீ இருக்கிறதே?

அன்று மாலை வேலையைத் தொடங்கினேன். ஸ்கிரிப்டை ஒரு தடவை ஓட்டி முடித்துவிட்டு, டிஎஸ்ஓவுக்குள் மெனுத் திரைகளைத் தரும் ஐஎஸ்பிஎஃப்பில் ஐஎஸ்ஆர்டிடிஎன் என்று அடித்தேன். என் செஷன் எடுத்து வைத்திருக்கும் எல்லா டிடி பெயர்களும் பட்டியலாக வரும். கீழே இறக்கிக்கொண்டே போனால் 'கணக்கு' உட்கார்ந்திருந்தது, பக்கத்திலேயே ஓல்டு என்ற நிலையோடு, அதாவது வேறு யாரும் தொட முடியாதபடி தனியாகப் பிடித்தபடி. ஸ்கிரிப்ட் முடிந்து ஐந்து நிமிடம் ஆகியிருந்தது.

ஃப்ரீ ஓடியது, ஆனால் விடுவிக்கவில்லை. ஏன் ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை என்று தேடினால், ஸ்கிரிப்டின் மூன்றாவது வரியில் எம்எஸ்ஜி ஆஃப். பழைய ஸ்கிரிப்டிலிருந்து வரி வரியாகக் காப்பி செய்தபோது அதுவும் கூடவே வந்திருக்கிறது. டிஎஸ்ஓ கட்டளைகள் சொல்லும் சேதியையெல்லாம் அது வாயை அடைத்துவிடும். அந்த வரியை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். ஐகேஜே56861ஐ என்ற எண்ணோடு சேதி வந்தது: கோப்பு விடுவிக்கப்படவில்லை, டேட்டாசெட் திறந்திருக்கிறது. கட்டளை எப்படி முடிந்தது என்று சொல்லும் ஆர்சி என்ற மாறியைத் திரையில் போட்டுப் பார்த்தேன், 12. பூஜ்யம் என்றால்தான் சரி. மூன்று மாதமாக ஒவ்வொரு ராத்திரியும் இந்த 12 வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. யாரும் பார்க்கவில்லை.

கல்யாண வீட்டுக்கு வாடகைப் பாத்திரம் எடுத்தவர்களுக்கு இது உடனே புரியும். அண்டாவைத் திருப்பிக் கொண்டுபோய் இறக்கினால் மட்டும் போதாது. உள்ளே பாயசம் ஒட்டிக்கொண்டிருந்தால் கடைக்காரர் சீட்டைக் கிழிக்கமாட்டார். கழுவிக் கொடுத்தால்தான் கணக்கு முடியும். இங்கே கழுவுவது என்பது கோப்பை மூடுவது. மூடுவது, கோப்பை வாசிக்கவும் எழுதவும் உள்ள எக்ஸெக்ஐஓ கட்டளையின் வேலை, அதன் கடைசியில் ஃபினிஸ் என்று சேர்க்க வேண்டும். திருப்பிக் கொடுப்பது ஃப்ரீயின் வேலை. இரண்டும் வேறு வேறு இடத்திலிருந்து வந்தவை. எக்ஸெக்ஐஓ முதலில் சிஎம்எஸ் என்ற இன்னொரு ஐபிஎம் சூழலின் கட்டளை. ரெக்ஸ் டிஎஸ்ஓவுக்குள் வந்தது 1988-இல்தான், ஃப்ரீ அதற்கு முன்பிருந்தே இருக்கிறது. ஃப்ரீ வந்து கோப்பை மூடிக் கொடுக்காது. நாம்தான் மூட வேண்டும்.

என் ஸ்கிரிப்டில் ஃபினிஸ் விட்டுப்போனதற்குக் காரணம் அதன் வடிவம். கோப்பு முழுவதையும் ஒரே மூச்சில் வாசித்தால் கை தன்னால் ஃபினிஸ் போட்டுவிடும். நானோ ஒவ்வொரு வரியாக எடுத்து, தேதி ஒத்துப்போனதும் லீவ் போட்டு லூப்பிலிருந்து வெளியே வந்துவிடுகிறேன். கோப்பு பாதியில் திறந்தபடியே நிற்கிறது. ஸ்கிரிப்ட் முடிந்தாலும் ஐஎஸ்பிஎஃப்புக்குள் அந்தத் திரையின் ரெக்ஸ் சூழல் இருக்கும்வரை அது மூடாது.

இதற்கு முன்னரே ஒரு துப்பு கிடைத்திருந்தது, நான்தான் கவனிக்கவில்லை. ஏப்ரலில் ஒரு நாள் ஸ்கிரிப்டை அடுத்தடுத்து இரண்டு தடவை ஓட்டினேன். முதல் தடவை தேதி கிடைத்தது. இரண்டாம் தடவை அன்றைய வரியே இல்லை என்றது. தரவில் ஏதோ பிசகு என்று நினைத்து லாக்ஆஃப் செய்து மறுபடி வந்தேன், சரியாகிவிட்டது. இப்போது புரிகிறது. இரண்டாம் தடவை அலாக் செய்தபோது, கோப்பு திறந்திருந்ததால் அதுவும் 12 தந்து தோற்றிருக்கிறது. பழைய ஒதுக்கீடே நீடித்தது. எக்ஸெக்ஐஓ முதல் ஓட்டத்தில் விட்ட இடத்துக்கு அடுத்த வரியிலிருந்து வாசிப்பைத் தொடர்ந்திருக்கிறது. உங்கள் ஸ்கிரிப்ட் எதுவும் இரண்டாவது ஓட்டத்தில் குறைந்த எண்ணிக்கை காட்டினால் முதலில் ஃபினிஸைத் தேடுங்கள்.

காரணம் தெரிந்த பிறகும் வழி தவறினேன். அதையும் வரிசையாகச் சொல்கிறேன்.

ஸ்கிரிப்டைத் திருத்தும் முன், தொங்கிக்கொண்டிருக்கும் கோப்பைக் கையால் விடுவித்துப் பார்க்கலாம் என்று ஒரு சின்ன சோதனை ஸ்கிரிப்ட் எழுதினேன். அவசரத்தில் ஃப்ரீ கட்டளையை மேற்கோள் குறி இல்லாமல் எழுதிவிட்டேன். எஃப்ஐ என்பதற்குப் பின் இடைவெளியில்லாமல் அடைப்புக்குறி வந்ததால், ரெக்ஸ் அதை ஒரு ஃபங்ஷன் என்று எடுத்துக்கொண்டு, அப்படியொரு ரொட்டீன் கிடைக்கவில்லை என்று ஐஆர்எக்ஸ்0043ஐ பிழையைக் கொடுத்தது. டிஎஸ்ஓவுக்குப் போக வேண்டிய வரி முழுவதையும் மேற்கோளுக்குள் வைத்தால்தான் ரெக்ஸ் கை வைக்காது.

சரி என்று மேற்கோள் போட்டேன். இந்தத் தடவை டிடி பெயருக்குப் பதிலாக டேட்டாசெட்டின் முழுப் பெயரைக் கொடுத்தேன். அந்தப் பெயர் ஒதுக்கப்படவே இல்லை என்று பதில் வந்தது, ஐகேஜே56247ஐ. ஐஎஸ்ஆர்டிடிஎன்னில் கண்ணெதிரே நிற்கிறது, இல்லை என்கிறதே என்று கால் மணி நேரம் குழம்பினேன். முழுப் பெயரைச் சுற்றி உள்ளே இன்னொரு ஒற்றை மேற்கோள் வேண்டும். இல்லாவிட்டால் டிஎஸ்ஓ என் ஐடியை முன்னால் ஒட்டி, என் பெயரில் இல்லாத ஒரு டேட்டாசெட்டைத் தேடும். அன்றிலிருந்து ஃப்ரீ என்றால் டிடி பெயரை வைத்துத்தான். நான் எடுத்த சீட்டை நானே திருப்பிக் கொடுப்பது போல, குழப்பம் கிடையாது.

பிறகு பொறுமை போய் ஃப்ரீ ஆல் அடித்தேன். அது நல்ல யோசனை இல்லை. திறந்திருந்த 'கணக்கு' அப்படியே நின்றது. அதற்குப் பதிலாக, அந்த நேரத்தில் யாரும் திறந்து வைத்திராத ஐஎஸ்பிஃபைல் போய்விட்டது. ஐஎஸ்பிஎஃப் தான் உருவாக்கும் வரிகளை எழுதும் டிடி பெயர் அது. அரை மணி நேரம் கழித்து ஜேசிஎல் (ஜாப்பை ஓட்டச் சொல்லும் வரிகள்) உருவாக்கும் திரையை எடுத்தால் எழுத இடமில்லை என்று நின்றது. லாக்ஆஃப் செய்து மறுபடி உள்ளே வர வேண்டியதாயிற்று. பொதுவில் ஓடும் ஸ்கிரிப்டுக்குள் ஃப்ரீ ஆல் இருந்தால், அதை ஓட்டும் ஆளுடைய மற்ற வேலைகளையும் அது கலைத்துவிடும். அடுத்தவர் செஷனுக்குள் போய் அப்படிச் செய்ய நமக்கு உரிமையில்லை.

இன்னொன்று. எக்ஸெக்ஐஓவில் எத்தனை வரி என்ற இடத்தில் பூஜ்யம் போட்டு, வாசிப்பைக் குறிக்கும் டிஸ்க்ஆர், டிடி பெயர், அடைப்புக்குறி, ஃபினிஸ் என்று எழுதினால் எதையும் வாசிக்காமல் கோப்பை மூட மட்டும் செய்யும். இதுதான் எனக்கு வேண்டிய வரி. ஆனால் முதல் முறை இதை எஃப்2 அழுத்திப் பிரித்த இரண்டாவது திரையிலிருந்து ஓட்டினேன். மூடவில்லை, ஃப்ரீயும் தோற்றது. கோப்பைத் திறந்தது முதல் திரையின் சூழல், இரண்டாவது திரைக்கு அதைப் பற்றித் தெரியாது. முதல் திரைக்குப் போய் அதே வரியை ஓட்டினேன். பின்னாலேயே ஃப்ரீ. ஆர்சி பூஜ்யம். ஐஎஸ்ஆர்டிடிஎன்னில் 'கணக்கு' இல்லை. மணி இரவு 8.20. வெளியே சாரல் ஜன்னலை நனைத்துக்கொண்டிருந்தது. கொல்லத்துக்குப் போகும் கேரளா பஸ்ஸின் சத்தம் கேட்டது. எழுந்து போய் ஒரு கட்டன் சாயா போட்டுக் குடித்தேன். சந்தோஷமாக இருந்தது.

இரண்டாம் நாள் ஸ்கிரிப்டைப் பிரித்து மறுபடி கட்டினேன்.

லூப்பிலிருந்து வெளியே வந்ததும் பூஜ்ய வரி எக்ஸெக்ஐஓ, அடுத்த வரியில் ஃப்ரீ. இது எளிது. ஆனால் ஸ்கிரிப்ட் வெளியேறும் வழிகளை எண்ணிப் பார்த்தேன், ஐந்து இருந்தது. கிளைக் கோப்பு காலியாக இருந்தால் நடுவிலேயே எக்ஸிட். தேதி கிடைக்காவிட்டால் எக்ஸிட். நான் 'இல்லை' என்று அடித்தால் எக்ஸிட். அடியில் உள்ள ஃப்ரீயை இதில் எதுவுமே தொடாது. எல்லா எக்ஸிட்டையும் எடுத்துவிட்டு, 'விடு' என்று ஒரு லேபிள் போட்டு, எந்த வழியில் போனாலும் அங்கே போய்த்தான் முடிய வேண்டும் என்று மாற்றினேன். அங்கே மூன்று டிடி பெயர்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, முதலில் மூடி, பிறகு விடுவித்து, ஆர்சியைப் பார்க்கும். பூஜ்யம் இல்லாவிட்டால், கட்டளைகளின் சேதியைப் பிடித்து வைக்கும் அவுட்டிராப் ஃபங்ஷனில் கிடைத்ததை அப்படியே திரையில் காட்டும். எம்எஸ்ஜி ஆஃப் இனி என் ஸ்கிரிப்டுகளில் கிடையாது. சேதி தொந்தரவாக இருந்தால் அவுட்டிராப்பில் பிடித்து வைத்து, தேவைப்பட்டால் காட்டலாம். வாயை அடைத்துவிட்டால் தேவைப்படும்போதும் கிடைக்காது.

பிழை வந்து ஸ்கிரிப்ட் பாதியில் விழுந்தாலும் 'விடு'வுக்குப் போக வேண்டுமே? அதற்கு, பிழை வந்தால் லேபிளுக்குத் தாவச் சொல்லும் சிக்னல் ஆன் எரர் போட்டேன். போட்டதும் ஒவ்வொரு ஓட்டமும் நன்றாக ஓடிக்கொண்டிருந்து திடீரென்று பிழை என்று முடிந்தது. காரணம் கிளைக் கோப்பை வாசிக்கும் இடம். கோப்பின் முடிவு வந்தால் எக்ஸெக்ஐஓ தரும் ஆர்சி 2. அது பிழையே இல்லை, முடிந்துவிட்டது என்று சொல்கிறது. ஆனால் பூஜ்யத்துக்கு மேல் எது வந்தாலும் எரர் பொறி விழுந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க ஒன்றேகால் மணி நேரம் ஆனது. கடைசியில் எரரை எடுத்துவிட்டு சின்டாக்ஸ் (ரெக்ஸ் மொழிப் பிழை), ஹால்ட் (நடுவில் நிறுத்துவது), நோவேல்யூ (மதிப்பு வைக்காத மாறி) மூன்றுக்கு மட்டும் பொறி வைத்தேன். ஆர்சியைத் தேவையான இடத்தில் நானே பார்த்துக்கொள்கிறேன். ஹால்ட்டைச் சோதிக்க, ஓடும்போது குறுக்கிடும் விசையான பிஏ1-ஐ அழுத்தி, நிறுத்தச் சொல்லும் எச்ஐ அடித்தேன். 'விடு'வுக்குப் போய், மூடி, விடுவித்து, ஒழுங்காக வெளியே வந்தது.

மூன்றாம் நாள்தான் ரொம்ப முக்கியம் என்று நினைக்கிறேன். ஸ்கிரிப்ட் இப்போது கடைசியில் கோப்பை விடுகிறது. ஆனால் எப்போது எடுக்கிறது? ஆரம்பத்திலேயே ஓல்டு என்று எடுத்துவிடுகிறது. பிறகு கிளைக் கோப்புகளையெல்லாம் கூட்டி, தொகையைக் காட்டி, என் பதிலுக்காகக் காத்திருக்கிறது. நான் அந்த நேரத்தில் தொகையைச் சரிபார்ப்பேன், சில நாள் யாரையாவது கேட்க போன் செய்வேன். ஒரு வாரத்துக்கு நேரம் குறித்து வைத்தேன். குறைந்தது 6 நிமிடம், ஒரு நாள் 47 நிமிடம். அவ்வளவு நேரமும் அந்தக் கோப்பை வேறு யாராலும் தொட முடியாது.

வாசிக்கும்போது எஸ்எச்ஆர், அதாவது மற்றவர்களோடு பகிர்ந்து எடுப்பது, போதும் என்று மாற்றினேன். எஸ்எச்ஆர் என்றால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்ற எண்ணத்தில்தான். அது பாதிதான் சரி. வாசிக்க வருகிற மற்றவர்களுக்கு இடைஞ்சல் இல்லை. ஓல்டு என்று கேட்டு வரும் ஜாப், எஸ்எச்ஆராக ஒரே ஒருவர் வைத்திருந்தாலும் வாசலில் நிற்கும். ஆகவே வாசித்ததும் மூடி விடுவித்துவிட்டு, கையில் எதுவும் இல்லாமல்தான் என்னிடம் கேள்வி கேட்க வேண்டும். ஆம் என்றால் மட்டும் ஓல்டு என்று எடுத்து, வரியைத் தேடி, குறி போட்டு, ஃபினிஸ், ஃப்ரீ.

இதைச் சோதிக்க நாகர்கோவில் தம்பியைப் பிடித்தேன். அவன் ஐடியிலிருந்து அதே கோப்பை அலாக் செய்து பார்க்கச் சொன்னேன்.

"இன்னும் ஆல்ரெடி இன் யூஸ்தான் வருது அண்ணே."

"எஸ்எச்ஆர்தானே கேக்க?"

"எஸ்எச்ஆர்தான். நீங்க ஓல்ட விட்டுட்டேன்னு சொல்லுதீங்க."

விட்டிருந்தேன். ஐஎஸ்ஆர்டிடிஎன்னில் பார்த்தால் அதே கோப்பு 'பார்வை' என்ற இன்னொரு டிடி பெயரில் எஸ்எச்ஆராக இருந்தது. வாசிக்கும் பகுதிக்கு நான் வைத்த பெயர் அது, 'விடு' பட்டியலில் சேர்க்க மறந்திருந்தேன். எஸ்எச்ஆர் மட்டும்தான் மிச்சம், அவன் கேட்டதும் எஸ்எச்ஆர், பிறகு ஏன் மறுக்கிறது? ஒரே செஷனுக்குள் ஒரு கோப்பை ஒரு தடவை ஓல்டாக எடுத்துவிட்டால் அதன் மேல் விழும் பூட்டு முழுப் பூட்டாகிவிடுகிறது. ஓல்டை மட்டும் விட்டால் அது எஸ்எச்ஆராக இறங்குவதில்லை, அந்தக் கோப்பின் கடைசி டிடி பெயரும் போனால்தான் பூட்டு கழல்கிறது. எங்கள் மெஷினில் நான் கண்டது இது. 'பார்வை'யையும் பட்டியலில் சேர்த்தேன். தம்பி மறுபடி அடித்தான். "கெடச்சிட்டு அண்ணே" என்றான்.

இப்போது ஓல்டாகப் பிடித்திருக்கும் நேரம், டைம் ஃபங்ஷனை முன்னும் பின்னும் போட்டு அளந்தால், ஒரு நொடிக்குள். 47 நிமிடத்திலிருந்து ஒரு நொடி. அந்த ஒரு நொடியில் வேறு யாராவது வைத்திருந்தால் என் அலாக் 12 தரும். அப்போது ஐந்து நொடி விட்டு மூன்று தடவை முயன்று, கிடைக்காவிட்டால் சொல்லிவிட்டு வெளியேறும்படி எழுதியிருக்கிறேன். மூன்று வாரத்தில் ஒரு தடவைகூட அந்த நிலைமை வரவில்லை.

செலவுக் கணக்கு: மூன்று மாலையும் ஒரு சனிக்கிழமை காலையும் சேர்ந்து சுமார் 11 மணி நேரம். ஸ்கிரிப்ட் 38 வரியிலிருந்து 94 வரி ஆனது. யுபிஎஸ் 1,650 ரூபாய். அது இந்தப் பிரச்சினையைத் தீர்க்கவில்லை. ஆனால் ஆடி முடியும்வரை இங்கே கரண்ட் போய்ப் போய் வரும், அதற்கு உதவுகிறது, இருக்கட்டும்.

அடுத்த தடவை எழுதும்போது மாற்றிச் செய்யப்போவது: அலாக் வரியை எழுதிய கையோடு அதற்கான மூடும் வரியையும் ஃப்ரீ வரியையும் எழுதிவிட்டுத்தான் நடுவில் உள்ள வேலையை எழுத வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் எழுதினால் 'பார்வை' போல ஒன்று நழுவிவிடும். டிடி பெயரையும் நானே வைக்காமல், பிபிஎக்ஸ்டபிள்யூடைன் என்ற ரொட்டீன் வழியாகக் கோப்பை எடுத்து, சிஸ்டம் வைக்கும் பெயரை ஒரு மாறியில் வாங்கி, அதையே விடுவிக்கலாம் என்று இருக்கிறேன். தமிழ்ப் பெயர்களை விட மனமில்லை, மாறிகளுக்கு அவற்றை வைத்துக்கொள்வேன். இதையெல்லாம் தொட்டுப் பார்க்க மெஷின் இல்லாதவர்கள் ஐபிஎம் இசட் எக்ஸ்ப்ளோர் என்ற இலவசப் பயிற்சித் தளத்தில் ஒரு ஐடி வாங்கி டிஎஸ்ஓவையும் ரெக்ஸையும் பழகலாம்.

என் பெயரில் இன்னும் ஆறு ஸ்கிரிப்டுகள் பாக்கி. ஃப்ரீ என்று தேடி, அதற்கு மேல் ஃபினிஸ் இருக்கிறதா என்று பார்த்தேன், நான்கில் இல்லை. அதில் ஒன்று கிளைகள் எல்லாவற்றையும் லூப்பில் ஒவ்வொன்றாக எடுத்து எதையுமே விடாமல் போவது. சில மாதங்களுக்கு முன் அது நூற்றுச் சொச்சம் கோப்போடு நின்று, கோப்புகள் அதிகமாகிவிட்டன, பயன்படாததை ஃப்ரீ கட்டளையால் விடுவியுங்கள் என்று ஐகேஜே56220ஐ சேதியில் சொன்னது. அப்போது லாக்ஆஃப் செய்து வந்து வேலையைத் தொடர்ந்துவிட்டேன். இந்தச் சனிக்கிழமை அதிலிருந்து தொடங்குகிறேன். தம்பிக்கு அன்று லீவு, ஆனாலும் ஐடியோடு இருப்பதாகச் சொல்லியிருக்கிறான்.